வாளி வட்டம்

ஏழாங்கட்டைத் தோட்டம்,
பெக்கோக்.
6-2-1938

அன்புள்ள அண்ணன் சதாசிவம் அவர்களுக்கு,

தங்கை பேச்சியம்மாள் எழுதுவது. நாங்கள் சுகம். காளியம்மாவுக்கு நாலு பல் முளைத்திருக்கிறது. கையில் அகப்பட்டதையெல்லாம் கடிக்கிறாள். உங்கள் கழகக் கொடியையும் விடவில்லை.

இத்துடன் எங்கள் தொழிலாளர் சங்கத்தின் மனு வருகிறது. கேட்டிருப்பது இரண்டுதான். விடியற்காலைப் பெரட்டில் பேர் கூப்பிடுவதற்கு முன்பே, பிள்ளைகளை விடும் ஆயாக்கொட்டகையைத் திறக்க வேண்டும். இப்போது பேர் கூப்பிட்டு முடித்த பிறகுதான் திறக்கிறார்கள். அதுவரை கைக்குழந்தைகள் லயத்தில் தனியாகக் கிடக்கின்றன. போன மாதம் லெட்சுமணன் அண்ணன் பிள்ளை அடுப்பங்கரைக்குத் தவழ்ந்து போய்க் கையைச் சுட்டுக்கொண்டது. இரண்டாவது, மழை பெய்து ரப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாத நாளில் எங்களைச் சும்மா நிறுத்தி வைக்காமல் வேறு வேலை கொடுத்துக் கூலி போட வேண்டும்.

பால்வாளியைக் கவிழ்த்து அதன் அடியைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு, நாற்பத்தொரு பேரும் சுற்றிலும் கைநாட்டு வைத்திருக்கிறோம். அவரவர் கைநாட்டுக்குப் பக்கத்தில் பேரை நான் எழுதியிருக்கிறேன். எனக்குக் கையெழுத்துத் தெரிந்தும் கைநாட்டுதான் வைத்தேன். ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீங்களும் இந்த லயத்தில் பிறந்தவர்தானே. தாளை அப்படியே லேபர் ஆபீசில் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் மாப்பிள்ளையிடம் கைநாட்டு வாங்க நான் பட்ட பாடு! "எனக்கெதுக்குடி இதெல்லாம், நான் உண்டு என் மரம் உண்டுன்னு இருக்கேன்" என்று மூன்று நாள் பிகு பண்ணினார். சோறு போடமாட்டேன் என்ற பிறகுதான் விரலை நீட்டினார். அந்த இடது கட்டைவிரலில் பழைய கத்திக்கீறல் இருக்கிறதல்லவா, கைநாட்டிலும் அது குறுக்குக் கோடாக விழுந்திருக்கிறது. பார்த்துச் சிரித்தோம்.

உங்கள் கழகத்துக்கு நாங்கள் கூட்டம் சேர்த்தோம், பந்தல் போட்டோம், தொண்டை கிழியக் கத்தினோம். எங்களுக்காகக் கழகம் செய்யப்போகும் முதல் காரியம் இது. தோட்டத்து ஆபீசில் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிறார்கள். ஆகவே பதிலை வழக்கம்போல டவுனில் கபீர் பாய் கடைக்கே எழுதவும்.

தங்கை,
பேச்சியம்மாள்

*

ஜொகூர் இந்தியர் முன்னேற்றக் கழகம்,
ஜொகூர் பாரு.
14-2-1938

அன்புத் தங்கை பேச்சியம்மாளுக்கு,

அண்ணனின் ஆசிகள். உங்கள் கோரிக்கையை உரிய முறையில், உரிய இடத்தில் சமர்ப்பித்துவிட்டோம். நம் தலைவர் நேரிலேயே வந்தார். லேபர் ஆபீஸ் துரை எங்களுக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்தார். ஒரு தோட்டத் தொழிலாளியின் மகன் துரைக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தான் என்றால், நம் அப்பா இருந்திருந்தால் நம்பியிருக்கமாட்டார்.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் சங்கத்தில் சிலர் வேலைநிறுத்தம் என்று பேசுவதாகக் கேள்விப்பட்டோம். வேண்டாம். அடுத்த மாதம் சர்க்கார் அமைக்கும் தொழிலாளர் ஆலோசனைக் கமிட்டியில் நம் தலைவருக்கு ஓர் இடம் கிடைக்கும்போல இருக்கிறது. இந்த நேரத்தில் தோட்டத்தில் கூச்சல் எழுந்தால் எல்லாம் பாழாகும். நாம் படிப்படியாக ஏற வேண்டியவர்கள். சங்கம் கழகத்தின் கை, கையாகவே இருக்கட்டும்.

மாப்பிள்ளைக்கு ஒரு நல்ல சேதி வைத்திருக்கிறேன். தலைவர் வாயாலேயே அவர் பேர் வந்தது! விவரம் நேரில்.

அன்புள்ள அண்ணன்,
சதாசிவம்

*

பெக்கோக்.
27-2-1938

அண்ணனுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். எழுத்துக் கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முந்தாநாள் பெரட்டில் பேர் கூப்பிடும்போது சிகாமட்டிலிருந்து ஐந்து போலீஸ் மாத்தாக்கள் துப்பாக்கியோடு வந்து நின்றார்கள். பெரிய மாத்தா ஒரு தாளைப் பார்த்து, "அய்யாவு" என்றார். உங்கள் மாப்பிள்ளை வழக்கம்போல "வந்தேங்க" என்று சொல்லிவிட்டு ஓரடி முன்னால் போனார். தனக்கு ஏதோ மரத்தை மாற்றிக் கொடுக்கப்போகிறார்கள் என்று நினைத்திருக்கிறார். கையில் விலங்கைப் போட்டார்கள். வாளி கீழே விழுந்து உருண்டது. அவ்வளவுதான். வேறு ஒரு பேரையும் கூப்பிடவில்லை. லாரியில் ஏற்றும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, "என்னடி இது?" என்று கேட்டார்.

இரண்டு நாளாய் எல்லாரும் கேட்பது ஒன்றுதான். ஏன் அவர்? சங்கத்தில் அதிகம் பேசியவள் நான். மேடை ஏறியவர் லெட்சுமணன் அண்ணன். கூட்டம் நடந்தால் கடைசி வரிசையில் உட்கார்ந்து தூங்குகிறவர் அவர். மனு எழுதும் யோசனையை முதலில் சொன்னவன் அய்யாவுதான் என்று தோட்டத்துத் துரை சொல்கிறாராம். அண்ணே, என் புருஷனை எனக்குத் தெரியாதா? யோசனை சொல்கிற ஆளா அவர்?

எவனோ காட்டிக்கொடுத்திருக்கிறான். தோட்டத்து ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி தங்கராஜு மேல்தான் எல்லாருக்கும் சந்தேகம். அவன் பெண்டாட்டி ராசம்மா குழாயடிக்கு வந்தால் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு விலகிவிடுகிறார்கள். நானும் விலகினேன்.

கழகத்தை உடனே கிளம்பச் சொல்லுங்கள். உங்கள் தலைவருக்குத்தான் நாற்காலி போடுகிறார்களே, அதில் உட்கார்ந்து கேட்கட்டும்.

பேச்சி

*

ஜொகூர் பாரு.
4-3-1938

தங்கைக்கு,

உன் கடிதம் கண்டு இடிந்துபோனேன். மாப்பிள்ளையை இங்கே ஜொகூர் பாரு ஜெயிலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நேற்றுப் பார்த்தேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. காளியம்மா சாப்பிடுகிறாளா என்று கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை.

மறைத்துப் பயனில்லை, எழுதிவிடுகிறேன். நாடு கடத்த உத்தரவு ஆகிவிட்டது. தொழிலாளர்களைத் தூண்டிவிட்ட தலையாள் என்று எழுதியிருக்கிறார்கள். பத்தொன்பதாம் தேதி சனிக்கிழமை சிங்கப்பூரிலிருந்து நாகப்பட்டினம் போகும் கப்பலில் ஏற்றுவார்கள். இரண்டு வயதில் தாயின் இடுப்பில் வந்தவருக்கு அங்கே யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்டதற்கு, அது சட்டத்துக்குச் சம்பந்தமில்லை என்கிறார்கள்.

தலைவரிடம் பேசினேன். பொறுமையாக இருக்கச் சொல்கிறார். கமிட்டிப் பட்டியல் வெளிவரட்டும், உள்ளே போன பிறகு முதல் வேலையாக இதைக் கவனிக்கலாம் என்கிறார். பட்டியல் மாதக் கடைசியில்தான் வரும். எனக்கும் கணக்குத் தெரிகிறது பேச்சி.

காட்டிக்கொடுத்தது யார் என்று இங்கிருந்து நான் எப்படிச் சொல்வது? எதையும் அவசரப்பட்டுச் செய்ய வேண்டாம்.

சதாசிவம்

*

பெக்கோக்.
9-3-1938

சதாசிவம் அவர்களுக்கு,

நேற்றுச் சாயங்காலம் தங்கராஜு கிராணி என் வீட்டு வாசலுக்கு வந்தார். பின்னால் ராசம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். எங்கள் ஆட்கள் நாலைந்து பேர் அடிக்கப் போவதுபோல எழுந்துவிட்டார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. சட்டைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"லேபர் ஆபீஸ்லேருந்து துரைக்கு வந்ததும்மா. வேலை போனாலும் போவட்டும். எம் பொஞ்சாதிக்குத் தண்ணி பிடிக்க முடியல. படிச்சிட்டுக் குடுத்துடுங்க" என்றார்.

படித்தேன். எங்கள் மனுதான். ஆனால் வட்டம் இல்லை. வெள்ளைத் தாளில் கோடு போட்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கம் இட்டு, நாற்பத்தொரு பேரும் வரிசையாக நின்றோம். ஒன்று: அய்யாவு.

எழுத்தைப் பார்த்தேன். மணிமணியான அந்த எழுத்து எனக்கு நன்றாகத் தெரியும். மாதம் இரண்டு தடவை கபீர் பாய் கடையில் எனக்கு வரும் கடித உறையில் என் பேரை எழுதுகிற எழுத்து.

எனக்கு அழுகை வரவில்லை. அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டேன். "என்னாச்சு பேச்சி, யாரு எழுதுனது?" என்று லெட்சுமணன் அண்ணன் கேட்கிறார். எங்க அண்ணன் என்று எப்படிச் சொல்வேன்? சொன்னேன். எல்லார் முன்னாலும் சொன்னேன். பிறகு ராசம்மா காலைத் தொட்டேன். அவள் பதறிப்போய் என்னைத் தூக்கி, சேர்ந்து அழுதாள்.

வட்டம் எதற்கு என்று உங்களுக்கு நிஜமாகவே தெரியாதா? வட்டத்துக்குத் தலை கிடையாது, கால் கிடையாது. எந்தப் பேர் முதலில் என்று எந்தத் துரையும் கண்டுபிடிக்க முடியாது. பிடித்தால் நாற்பத்தொரு பேரையும் பிடிக்க வேண்டும். அப்பா காலத்திலிருந்து இந்த லயத்தில் இப்படித்தான். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் யோசித்துக் கண்டுபிடித்த பாதுகாப்பு இது. இங்கிலீசுப் பள்ளிக்கூடம் போன நீங்கள் அதை அரைமணி நேரத்தில் அழித்துவிட்டீர்கள்.

"தலைவர் வாயாலேயே அவர் பேர் வந்தது" என்று எழுதினீர்களே, அந்தக் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன். போன கடிதத்திலாவது சொன்னீர்களா? ராசம்மா குடத்தோடு ஒதுங்கி நிற்கிறாள் என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டீர்கள்.

இன்னும் பத்து நாள் இருக்கிறது. வட்டத்தாள் உங்களிடம் இருந்தால் எடுத்துக்கொண்டு லேபர் ஆபீசுக்குப் போங்கள். வரிசை நான் போட்டது, அவர் தலையாள் அல்ல என்று சொல்லுங்கள். அதைச் செய்த பிறகு எனக்கு எழுதுங்கள். அதுவரை எழுத வேண்டாம்.

பேச்சியம்மாள்

*

ஜொகூர் பாரு.
14-3-1938

பேச்சி,

போனேன். நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

முதலில் தலைவரிடம் போனேன். நம் கையால் மாற்றிய மனு என்று நாமே ஒப்புக்கொண்டால் இனிமேல் நம் தாள் எதையும் சர்க்கார் நம்பாது, கமிட்டியும் போய்விடும் என்றார். "ஒரு ஆளுக்காக ஆயிரம் பேரோட எதிர்காலத்தைக் கெடுக்கணுமா சதாசிவம்? நல்லா யோசிங்க" என்றார். அந்த ஆயிரம் பேர் யார் என்று அவருக்கு ஞாபகமில்லை போலும். எனக்கும் ரொம்ப நாளாக இல்லை.

வட்டம் எதற்கென்று நிஜமாகவே எனக்குத் தெரியாது. ஏழு வயதில் லயத்தை விட்டுப் போனவன். உன் தாளைப் பிரித்ததும் எனக்கு வெட்கமாக இருந்தது. வாளியின் பால்கறை, மைக்கறை, கோணல்மாணலாய் விரல்கள். வரிசையாக எழுதக்கூடத் தெரியவில்லையே நம் ஜனங்களுக்கு என்று நினைத்தேன். தலைவரும், "இதக் கொண்டுபோனா துரை சிரிப்பான்" என்றார். உட்கார்ந்து அழகாக நகல் எடுத்தேன்.

எங்கேயாவது ஆரம்பிக்க வேண்டும் அல்லவா? கலியாணப் பத்திரிகையில் மரியாதைக்குரியவர் பேரை முதலில் போடுவதில்லையா, அப்படித்தான் மாப்பிள்ளை பேரைப் போட்டேன். இல்லை, அதுவும் முழு உண்மையில்லை. தலைவர் பட்டியலைப் படித்துவிட்டு "யாரு இந்த அய்யாவு?" என்று கேட்பார், "என் தங்கச்சி வீட்டுக்காரர்" என்று சொல்லலாம் என்று நினைத்தேன். கேட்டார். சொன்னேன். என் தோளில் தட்டினார். அந்தத் தட்டுக்காகத்தான் பேச்சி.

இன்று தலைவருக்குத் தெரியாமல் வட்டத்தாளோடு லேபர் ஆபீஸ் துரையிடம் போனேன். நாற்காலி போடவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். துரை தாளைக் கையில் வாங்கி ஒரு சுற்றுச் சுற்றினார். மறுபடியும் சுற்றினார். கொஞ்சம் சிரித்தார். "நல்ல புத்திசாலிகள்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "சரி, அய்யாவு முதல் ஆள் இல்லை என்றால் முதல் ஆள் யார்? பேரைச் சொல். இன்றைக்கே அவனை விட்டுவிடுகிறேன்" என்றார்.

எனக்கு ஒரு பேர் தெரியும். மாப்பிள்ளைக்கு விரல் நீட்டக் கற்றுக்கொடுத்தவளின் பேர். சொன்னால் நாளைப் பெரட்டில் அந்தப் பேரைக் கூப்பிடுவார்கள். ஐந்து நிமிடம் நின்றேன். தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். உன் புருஷனைக் காப்பாற்றாமல் வந்துவிட்டேன்.

கழகச் செயலாளர் வேலையை விட்டுவிட்டேன் என்று எழுத வேண்டும். எழுதி என்ன ஆகப்போகிறது.

சதாசிவம்

*

பெக்கோக்.
17-3-1938, காலை

அண்ணனுக்கு,

கோபம் தீரவில்லை. ஆனால் அந்த ஐந்து நிமிடம் நின்றதற்காக அண்ணன் என்று எழுதுகிறேன்.

என் பேரைச் சொல்லியிருக்கலாம் என்றுதான் முதலில் தோன்றியது. உங்கள் கடிதத்தை எல்லாருக்கும் படித்துக் காட்டிவிட்டு, "நானே எழுதிக் குடுத்துடுறேன், முதல் ஆளு நான்தான்னு" என்றேன். லெட்சுமணன் அண்ணன் எழுந்து, "அதெப்படி நீ மொதல்ல? நான்தான் மொதல்ல" என்றார். அதற்குள் ராசம்மா, "ஏன், நாங்க இருக்கக்கூடாதா?" என்றாள். சண்டையே வந்துவிட்டது அண்ணே. போன மாதம் விரல் வைக்கப் பயந்தவர்கள் நேற்று யார் முதல் என்று சண்டை போட்டார்கள்.

நேற்று மழை. வெட்டு இல்லை. ஆயாக்கொட்டகையில் உட்கார்ந்து பகல் முழுக்க நானும் தங்கராஜு அண்ணனும் எழுதினோம். நாற்பத்தொரு தாள். ஒவ்வொரு தாளிலும் நாங்கள் எல்லாரும் வரிசையாக, இலக்கம் போட்டு, துரைக்குப் பிடித்த மாதிரி. ஆனால் ஒவ்வொரு தாளிலும் முதல் பேர் வேறு. உங்கள் மாப்பிள்ளை இல்லாத இடத்துக்குத் தங்கராஜு அண்ணன் தன் பேரைச் சேர்த்துக்கொண்டார். கிராணி வேலை போகும் என்று எல்லாரும் தடுத்தோம். கேட்கவில்லை.

நாற்பத்தொரு முதல் ஆள் இருக்கிறோம். துரை யாரை வேண்டுமானாலும் பிடிக்கட்டும். எல்லாரையும் பிடித்தால் பால் வெட்ட அவர் வரட்டும்.

இன்று ரயிலில் லெட்சுமணன் அண்ணன் இந்தத் தாள்களோடு வருகிறார். அவரோடு போய் லேபர் ஆபீஸ் துரையிடம் கொடுங்கள். எதையும் திருத்த வேண்டாம். இன்னொரு தாளும் வைத்திருக்கிறேன். அது உங்கள் தலைவருக்கு. இன்று முதல் எங்கள் சங்கம் கழகத்திலிருந்து விலகுகிறது. நாங்கள் யாருக்கும் கை இல்லை.

அவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

பேச்சி

*

சிங்கப்பூர்.
19-3-1938

பேச்சிக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. மாப்பிள்ளை போய்விட்டார்.

நேற்று வெள்ளிக்கிழமை, ஜொகூரில் வார விடுமுறை, ஆபீஸ் இல்லை. இன்று காலை திறந்ததும் நானும் லெட்சுமணனும் உள்ளே போனோம். துரை முதல் தாளைப் படித்தார். இரண்டாவதைப் படித்தார். மூன்றாவதில் நிறுத்திவிட்டுக் கட்டை மொத்தமாகப் புரட்டினார். முகம் சிவந்துவிட்டது. பிறகு, உங்களில் இனி ஒருவரையும் தொடப்போவதில்லை, ஆயாக்கொட்டகை அடுத்த வாரத்திலிருந்து பெரட்டுக்கு முன்பே திறக்கும், மழைநாள் கூலியைப் பற்றித் தோட்டத்துக்கு எழுதுகிறேன் என்றார். லெட்சுமணன், "அய்யாவு?" என்று கேட்டார். உத்தரவில் மேலிடத்து முத்திரை விழுந்துவிட்டது, அதைத் திருப்ப எனக்கு அதிகாரம் இல்லை என்றார். அப்படியானால் முதல் ஆள் பேரைச் சொன்னால் விட்டுவிடுகிறேன் என்று போன திங்கட்கிழமை சொன்னீர்களே என்று கேட்டேன். தாள்கட்டை மேசை ஓரமாகத் தள்ளிவைத்தார். அன்றைக்கு உன் பேரைச் சொல்லியிருந்தால் உன்னையும் பிடித்திருப்பார், அவரையும் விட்டிருக்கமாட்டார்.

வாடகை மோட்டாரில் பாலம் கடந்து துறைமுகத்துக்கு ஓடினோம். காவலாளியிடம் கெஞ்சி ஏணி மேல் ஏறினேன். மாப்பிள்ளை கப்பல் தளத்தில் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். கைவிலங்கை எடுத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அந்த மரியாதை என்னைக் கொன்றது.

அவருக்குக் கொடுக்க என்னிடம் வேறொன்றும் இல்லை. சட்டைப்பையிலிருந்த வட்டத்தாளைக் கொடுத்தேன். ஆசையாக விரித்தார்.

"எம் பேரு எங்க மச்சான்?" என்றார்.

குறுக்குக் கோடு விழுந்த கைநாட்டைக் காட்டினேன். தன் விரலை அதன்மேல் வைத்துப் பார்த்துக்கொண்டார். "பக்கத்துல யாரு?"

"பேச்சி."

சிரித்தார். தாளை மெதுவாக முழுச்சுற்றும் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாரும் இருக்காங்க. இதுல மொதல் ஆளு யாரு மச்சான்?"

"யாருமில்ல மாப்ள."

"அப்படின்னா என்னை மட்டும் ஏன் மச்சான் கூப்பிட்டாங்க?"

குற்றம் சொல்லிக் கேட்கவில்லை பேச்சி. தெரியாமல்தான் கேட்டார். அன்று லாரியில் உன்னைக் கேட்ட அதே கேள்வியை இத்தனை நாளாக ஜெயிலில் வைத்துக்கொண்டு, விவரம் தெரிந்தவன் வந்திருக்கிறான் என்று என்னிடம் கேட்டார். நான்தான் எழுதினேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சங்கு ஊதியது. காவலாளி என் தோளைப் பிடித்துக் கீழே இறக்கினான். ஏணியை எடுத்துவிட்டார்கள். கப்பல் நகரும்போதும் அவர் கம்பியோரம் நின்று, நான் ஏதாவது சொல்வேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சதாசிவம்